போலந்தம்மா கொண்டுபோன தலை

அவ பேரை இந்த வீட்டுக்குள்ள எடுக்க வேண்டாம்னு நான் போன்லயே சொன்னனுங்களா இல்லீங்களா? சொன்னேன். சொல்லியும் மெட்ராஸ்ல இருந்து ரயிலேறி வந்து நிக்கறீங்க. வந்தவங்களை வாசலோட அனுப்பிப் பழக்கமில்லாத குடும்பம், அதனால உட்காருங்க. காப்பி வரும், குடிங்க. ஆனா ஒண்ணு அம்மிணி, நான் சொல்றதை முழுசாக் கேட்கணும். நடுவுல நடுவுல "பெரிய கலைஞர், பெரிய கலைஞர்"னு சொன்னீங்கன்னா எனக்குப் பிரஷர் ஏறிரும்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். போலந்துல ஒரு மியூசியத்துல அவ செஞ்ச பொம்பளைத் தலை ஒண்ணு இருக்குது. யாருன்னு அவங்களுக்குத் தெரியல. அது எங்கம்மாதானான்னு நான் சொல்லணும். ஆமான்னு சொன்னா அம்மா பேரை எழுதி வெப்பாங்க, அதே மாதிரி இன்னொண்ணு அச்செடுத்து எங்க வீட்டுக்கும் அனுப்புவாங்க. இல்லைன்னா பேர் தெரியாத பொம்பளையாவே அது அங்க கெடக்கும். அவ்வளவுதானுங்களே? போட்டோவை இப்பவே நீட்டாதீங்க. பைக்குள்ளயே இருக்கட்டும். அவ எங்களுக்கு என்ன பண்ணிட்டுப் போனான்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க.

பேரு யாத்விகா. பின்னாடி இன்னொரு பேரு வரும், ஷெலின்ஸ்கான்னு. அதைச் சொல்றதுக்குள்ள நம்ம ஆளுங்களுக்கு நாக்கு சுளுக்கிக்கும். அதனால மில்லுல அத்தனை பேருக்கும் அவ போலந்தம்மா. கோயில் சிலை, சாமி சிலையெல்லாம் செய்யறவ இல்லீங்க. உசுரோட இருக்கற மனுசனை எதிர்ல உட்கார வெச்சு, பார்த்துப் பார்த்துத் தலை செய்யறவ. முதல்ல களிமண்ணு, பொறகு பிளாஸ்டர்ல அச்சு, கடைசியா வெண்கலம்.

உள்ள வர்றப்பப் பார்த்தீங்கல்ல, போர்ட்டிகோவுல தங்கக் கலர்ல? அது எங்கய்யன், என்னைப் பெத்தவரு. மில் சென்னியப்பக் கவுண்டர்னா அன்னைக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஈரோடு வரைக்கும் தெரியும். மில்லு போச்சு, வித்து பிளாட்டுக் கட்டிட்டாங்க, அதனால சிலையை வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். அதைப் பார்த்ததும் நீங்க மூஞ்சியைச் சுளிச்சீங்க. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். வெண்கலத்து மேல பெயிண்ட் அடிக்கலாமான்னு நினைக்கறீங்க. அடிக்காம? அவ குடுத்தப்பப் பச்சையும் கருப்புமா, பாசி புடிச்ச தண்ணித்தொட்டி மாதிரி இருந்துச்சு. அதுதான் கலையாம். வருசா வருசம் அய்யன் திதிக்கு முன்னால நான்தான் ஆளை விட்டுப் பெயிண்ட் அடிக்கறேன். அந்த மீசையும் அவ வெச்சதில்லை, நாங்க வெச்சது. அதுக்கு வர்றேன், இருங்க.

அறுபத்திரெண்டுல மில்லுக்கு வெள்ளி விழா. அதுக்கு முன்னாலயே மத்த மில்காரங்க ரெண்டு பேரு இவகிட்டத் தலை செஞ்சு வாங்கி மில் கேட்டுல வெச்சுட்டாங்க. எங்கய்யன் சும்மா இருப்பாருங்களா? மெட்ராஸ்ல இருந்தவளைக் கார் அனுப்பிக் கூட்டியாந்தாரு. வந்து எறங்குனா. அம்பது வயசு இருக்கும். நரைச்ச முடியை ஆம்பளையாட்டம் வெட்டி விட்டிருந்தா. காக்கித் துணியில பேண்ட். கையைப் பார்த்தீங்கன்னா கொத்தனார் கை. மில் கெஸ்ட் ஹவுஸ்ல எடம் குடுத்து, சோறு போட்டு, மகாராணியாட்டம் வெச்சிருந்தோம். சிங்காநல்லூர் குளத்து மண்ணை வண்டி வண்டியாக் கொண்டாந்து கொட்டுனோம். மோந்து பார்த்துப் பாதியைத் திருப்பி அனுப்புனா. அவ்வளவு திமிரு.

அய்யனுக்கு இங்கிலீஷ் வராது. நான் அப்பத்தான் பி.ஏ. முடிச்சுட்டு வந்திருந்தேன், அதனால நடுவுல நான். அய்யன் எடுத்த எடுப்புல கேட்டதே, "எந்த ஊரு, அப்பன் என்ன பண்ணுனாரு, புருசன் எங்க?" அவ மண்ணைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னா. நான் கேட்டதைச் சொல்றேன், தப்பா இருந்தா நீங்க திருத்துங்க, நீங்கதானே அவளைப் பத்திப் படிச்சிருக்கீங்க.

லிவோவ்னு ஒரு ஊரு. அப்பன் ரயில்வேயில இஞ்சினியர். கிராகோவுல சிலை படிப்பு. படிச்சு முடிச்சு ஜட்ஜு, டாக்டரு, நாடகக்காரங்கன்னு தலை செஞ்சு நல்ல பேரு வாங்கியாச்சு. அப்பப் பார்த்து உலகச் சண்டை வந்துருச்சு. பட்டாளத்துக்குப் போன புருசன் திரும்பவே இல்லை. இவளை ரஷ்யாக்காரன் வந்து ரயில்ல அடைச்சுப் பனிக்காட்டுல மரம் வெட்ட விட்டுட்டான். அங்க களிமண்ணுக்கு எங்க போறது? பூமியே உறைஞ்சு கெடக்கும். குடுக்கற ரொட்டியில ஒரு துண்டை மென்னு, உமிழ்நீர் விட்டுப் பிசைஞ்சு, விரல் நுனி அளவுக்கு மொகம் செய்வாளாம். அங்க செத்துப்போறவங்க மொகம். கூட இருந்தவங்க அடிக்கவே வந்துட்டாங்களாம், திங்கற ரொட்டியை வீணாக்கறாளேன்னு.

"அந்த மொகமெல்லாம் இப்ப எங்க?"ன்னு அய்யன் கேட்டாரு.

"பசிச்சப்பத் தின்னுட்டேன். ஆனா கையால செஞ்சதால ஒவ்வொரு மொகமும் ஞாபகம் இருக்குது"ன்னா.

எங்கய்யனுக்கு அன்னைக்கு மத்தியானம் சோறு எறங்கல. மூலையில உட்கார்ந்திருந்த எங்கம்மா, "என்ன சாமி சொல்றாங்க?"ன்னு என்னைக் கேட்டுச்சு. "உனக்கெதுக்கும்மா அதெல்லாம்"னுட்டேன். இதை வேற அதுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிட்டு இருக்க முடியுங்களா?

அப்புறம் காட்டுல இருந்து விட்டாங்க. ஈரான் போயி, கப்பல்ல பம்பாய் வந்து, கோலாப்பூர் பக்கத்துல போலந்துக்காரங்களுக்குன்னு போட்ட முகாம்ல இருந்தா. சண்டை முடிஞ்சு மத்தவங்க லண்டன், ஆப்பிரிக்கான்னு கிளம்புனாங்க. இவ போகல. பொறந்த ஊரே வேற நாட்டுக்குப் போயிருச்சு, எங்கன்னு போறதுன்னு இங்கயே நின்னுட்டா. பம்பாயில ஜட்ஜுங்க, மெட்ராஸ்ல காலேஜ் பிரின்சிபாலுங்க, கடைசியில எங்க ஊரு மில்காரங்க. தலை தலையாச் செஞ்சு பொழைச்சா. கஷ்டப்பட்டவதான் அம்மிணி, நான் இல்லைங்கல. கஷ்டப்பட்டவளுக்கு நல்லது செஞ்ச குடும்பத்துல கை வெக்கலாமுங்களா?

அம்மா எதுக்கு மூலையில உட்கார்ந்திருந்துச்சுன்னு கேட்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. ஒரு வெள்ளைக்காரிகூட அய்யன் தனியா ரூம்ல உட்கார்ந்தா ஊரு சும்மா இருக்குமா? அதுலயும் அவ தொட்டுத்தான் செய்வா. கண்ணால பார்த்தாப் பத்தாதாம். ரெண்டு கட்டைவிரலையும் அய்யன் கன்னத்து எலும்புல வெச்சு அழுத்திப் பார்ப்பா, அப்பறம் மண்ணுல அதே மாதிரி அழுத்துவா. முதல் நாளு அய்யன் நெளிஞ்ச நெளிப்பு எனக்குத்தான் தெரியும். அதனால அம்மாகிட்ட, "நீ வந்து மூலையில உட்காரு"ன்னு சொல்லிட்டாரு. காவலுக்கு. அம்மா பாயைப் போட்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். இருக்கற எடமே தெரியாது. எங்கம்மா அப்படி.

அய்யன் ஒரு எடத்துல உட்கார்ற ஆளா? சங்கு ஊதுச்சுன்னா எழுந்திருச்சுருவாரு. மூக்கு பாதி, காது பாதின்னு விட்டுட்டு மில்லுக்குப் போயிருவாரு. நானும் பின்னாலயே ஓடணும், எனக்கு ஸ்பின்னிங்ல வேலை போட்டிருந்தாரு. அம்மா மட்டும் இருந்து, களிமண்ணு காஞ்சு வெடிக்காம ஈரத்துணி சுத்தி வெச்சுட்டு வரும். அந்த வேலையை அவ அம்மா தலையில கட்டிட்டா. துணி சுத்த எவ்வளவு நேரமாகும்? மத்தியானம் தாண்டியும் அம்மா வீடு வந்து சேராது. கேட்டா, "அந்தம்மா சாப்பிடாம நிக்குதுங்க, கம்மஞ்சோறு கரைச்சுக் குடுத்துட்டு வந்தேன்"னு சொல்லும். எல்லாம் அவ பண்ணுன வேலை.

சரி. மெட்ராஸ் கொண்டுபோயி வெண்கலத்துல ஊத்திக் கொண்டாந்தா. விழா. பந்தல் என்ன, நாதஸ்வரம் என்ன. மில் ஆளுங்க மொத்தமும் குடும்பத்தோட நிக்குது. அய்யன் பட்டுத்துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயித் துணியை இழுத்தாரு. கை தட்டணுமுங்களா இல்லீங்களா? ஒருத்தன் தட்டல. முன்னால நின்ன மேஸ்திரிங்க ஒரு எட்டுப் பின்னால போனாங்க. சத்தியமாச் சொல்றேன், பின்னால போயித் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒரு கைக்குழந்தை வீல்னு அழுதுச்சு.

என்ன மொகம் வெச்சிருந்தா தெரியுங்களா? அய்யன் கத்தறதுக்கு முன்னால சித்த நேரம் பேசாம இருப்பாரு. வாயை ஒரு பக்கமா இறுக்கிக்கிட்டு, கண்ணைச் சுருக்கி, எதிர்ல நிக்கறவனைப் பார்ப்பாரு. அந்த மொகம். அச்சு அசல் அந்த மொகம். வீட்ல நாங்க தினமும் பார்க்கறதுதான். குழம்புல உப்புக் கம்மியா இருந்தா, துணி சரியா மடிக்காம இருந்தா, நான் ஒரு வார்த்தை கூடப் பேசிட்டா, அந்த மொகம்தான். ஆனா அது வீட்டு மொகமுங்க. அதை வெளியாளுங்களுக்குக் காட்டலாமா? அய்யன் கோவக்காரர்னு எழுதிறாதீங்க. கண்டிப்பானவர். கண்டிப்பு இல்லாம அத்தனை ஜனத்தைக் கட்டி மேய்க்க முடியுங்களா?

அன்னைக்குச் சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனோம். "சிரிச்ச மொகமா மாத்திக் குடுக்கச் சொல்லு"ன்னாரு அய்யன். சொன்னேன்.

அவ கையைத் தொடைச்சுக்கிட்டே சொல்றா: "இவர் சிரிச்சு நான் பார்க்கல. நான் பார்க்காததை என் கை செய்யாது."

இதை அப்படியே சொல்ல முடியுங்களா? "கொஞ்சம் டைம் வேணுங்கறாங்க"ன்னு சொன்னேன். அய்யனுக்கு இங்கிலீஷ்தான் வராது, மனுசனைத் தெரியும். என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபுடிச்சுட்டாரு. விட்டாரு ஒரு அறை, காதோட சேர்த்து. பி.ஏ. படிச்ச பையன், மீசை மொளைச்ச பையன், ஒரு பொம்பளைக்கு முன்னால. அந்த அறை எனக்கு வந்ததில்லை அம்மிணி, அவளுக்கு வந்தது. அவளால நான் வாங்குனேன். இன்னைக்கும் அந்தக் காது மந்தம்தான். அதுக்கும் அவதான் காரணம்.

அடுத்த நாளே கிளம்பிட்டா. ரெண்டு மரப்பெட்டி. ஜங்ஷன்ல கூட நின்னு தூக்கி ஏத்தி விட்டது யாருங்கறீங்க, நானேதான். ஒண்ணு இடுப்பை ஒடிக்கற கனம். "என்ன இருக்குது இதுல, கல்லா?"ன்னு கேட்டேன். "இங்க வந்து நான் பார்த்தது"ன்னா. கிறுக்கு, போய்த் தொலையட்டும்னு ஏத்தி விட்டேன்.

அதுக்கப்புறம் பேரூர்ப் பக்கமிருந்து ஒரு ஆளைக் கூட்டியாந்து மீசை வெச்சு வாயை மறைச்சோம். கண்ணை ஒண்ணும் பண்ண முடியல. கம்பியில கண்ணாடி செஞ்சு போட்டு விட்டோம். பொறகுதான் மில் கேட்டு வழியா ஆளுங்க நிமிர்ந்து போனாங்க.

இதென்ன உள்ள சத்தம்? ஏம்மா! வெளியாளு வந்திருக்கறது தெரியுதா இல்லையா? என்னத்துக்கு அப்படியொரு சிரிப்பு? காப்பியைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போங்க. மருமகளும் அவ தங்கச்சியும். ரெண்டு பேரு சேர்ந்துட்டாப் போதும். ம், அடங்குச்சு. இப்பப் பேசலாம்.

சரி, எடுங்க அந்தப் போட்டோவை.

...

இதா?

இதுங்களா? இதைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா? நல்லாருக்குது அம்மிணி. இது யாரோ கூலிக்காரப் பொம்பளை. மில்லுல கழிவுப் பஞ்சு பொறுக்க வந்தவளா இருக்கும். எப்படிச் சிரிக்கறா பாருங்க, பல்லு மொத்தமும் தெரிய, கண்ணை மூடிக்கிட்டு, தலையைப் பின்னால சாய்ச்சுக்கிட்டு. இடது பக்கம் தெத்துப்பல்லு வேற. எங்க குடும்பத்துப் பொம்பளைங்க இப்படியா சிரிப்பாங்க?

எங்கம்மாவைப் பார்க்கணுமா, அதோ அந்தச் சுவத்துல பாருங்க. மாலை போட்டிருக்கறது. அதுதான் எங்கம்மா. தனியா எடுத்த போட்டோ கிடையாதுங்க. எங்கக்கா கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோவுல ஓரத்துல நின்னுச்சு, எடுக்கற நேரத்துல யாரையோ கூப்பிடத் திரும்புனதுல மொகம் கலைஞ்சு போச்சு. அம்மா போனதுக்கப்புறம் அதைத்தான் ஸ்டுடியோவுல குடுத்தோம். அவன் பெருசு பண்ணி, கண்ணு மூக்கு வாயெல்லாம் வரைஞ்சு, கழுத்துக்கு அட்டிகையும் போட்டுக் குடுத்தான். லட்சணமா இல்லீங்களா? மகாலட்சுமி கணக்கா? வாயை மூடிக்கிட்டு, அடக்கமா. இதுக்கும் உங்க போட்டோவுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குதா, நீங்களே சொல்லுங்க.

என்ன? கடைசியில போலந்துக்கே திரும்பிப் போயிட்டாளா, அங்கயும் இதே வேலைதானா? ஓகோ. டிராம் ஓட்டறவ, நர்ஸு, மீன் விக்கறவன்னு தலை செஞ்சாளா. மந்திரியைப் போட்டோ பார்த்துச் செய்யச் சொன்னதுக்கு, எதிர்ல வந்து உட்காரச் சொல்லுங்கன்னு திருப்பி அனுப்பிட்டாளா. அவதான், அவ குணம் மாறல. அதனால வேலை வராம ஒத்தை ரூம்ல இருந்து செத்தாளாக்கும். இருக்கறதையெல்லாம் வித்துத் தின்னாளாம், இந்தத் தலையை மட்டும் விக்காம ஜன்னல்கிட்ட வெச்சிருந்தாளாம். வெச்சிருக்கட்டும். அதனால இது எங்கம்மா ஆயிருமா?

கீழ என்ன எழுதியிருக்குது? "சிரிக்கும் பெண், கோயமுத்தூர். பெயர் தெரியவில்லை." பேரு தெரியலையாம்! எப்படித் தெரியும்? எங்க வீட்ல அம்மாவைப் பேர் சொல்லி யாருங்க கூப்பிட்டா? அய்யன் "இந்தா"ம்பாரு. நாங்க அம்மாம்போம். வேலையாளுங்க பெரியம்மிணிம்பாங்க. அது மரியாதைங்க. அதெல்லாம் அவளுக்கு எங்க புரியப் போகுது?

இல்லை, இருங்க. இப்ப என்னமோ சொன்னீங்களே. பார்க்காததை அவ கை செய்யாதுன்னு நீங்கதானே சொன்னீங்கன்னு கேட்கறீங்களா? ஆமா, நான்தான் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். அதுக்கென்ன இப்ப? அவ பார்த்தது வேற எவளையோ. எங்கம்மா சிரிக்காதுங்க. பெத்த மகன் சொல்றேன். அது சாகற வரைக்கும் அதுகூட ஒரே வீட்ல இருந்தவன் சொல்றேன். ஒரு நாளு, ஒரு பொழுது அது சிரிச்சு நான் பார்த்ததில்லை.

நம்பிக்கை வரலை. உங்க மொகத்துலயே தெரியுது. சரி, எங்கக்கா கோபியில இருக்குது. அதுகிட்டயே கேட்டுருவோம், உங்களுக்கும் தீர்ந்து போகும்.

அக்கா, நான்தான். நல்லாருக்கேன், நல்லாருக்கேன், சாப்பிட்டாச்சு. ஒண்ணு கேட்கறேன், பட்டுனு சொல்லு. நம்ம அம்மாவுக்குத் தெத்துப்பல் இருந்துச்சா? ... இல்லைதானே? ... என்னது? ... எந்தப் பக்கம்? ... மேல இடது பக்கமா.

...

இரு அக்கா, ஒரு போட்டோவைப் பார்த்துக்கறேன். லைன்லதான் இருக்கேன். அம்மா சிரிக்குமா? ... எதுக்கு இப்ப நீ சிரிக்கறே? நான் நல்லாத்தானே கேட்கறேன். ... யாரு, அம்மாவா? ... எங்க? ... ம். ... ம். ... என்னையுமா? ... சரி. ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லைங்கறேன்ல! வெச்சுர்றேன்.

கேட்டீங்களா? எங்கக்கா என்ன சொல்றா தெரியுங்களா? தெத்துப்பல் தெரியுமேன்னு அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்குமாம். அப்படியும் அடங்காதாம். "அடுப்படியில நாங்க பொம்பளைங்க மட்டும் இருக்கறப்ப, அம்மா சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துரும்டா"ங்கறா. அய்யன் துண்டை உதறித் தோள்ல போடறதை அப்படியே செஞ்சு காட்டுமாம். போலந்தம்மா நடக்கற மாதிரி நடந்து காட்டுமாம். நான் இங்கிலீஷ் பேசறதையும் பேசிக் காட்டுமாம். என்னையுங்க! ஒரு எழுத்துப் படிக்காத எங்கம்மா, என்னை மாதிரி இங்கிலீஷ் பேசி, வீடே சிரிச்சிருக்குது. எனக்குத் தெரியாது.

"அப்ப நானெல்லாம் எங்க இருந்தேன்?"னு கேட்கலாம்னு நினைச்சேன். கேட்கறதுக்கு முன்னால அவளே சொல்லிட்டா. "நீயோ அய்யனோ வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டா நிறுத்திக்கும்டா"ங்கறா. சாதாரணமாச் சொல்றா, மழை பேஞ்சாத் துணி எடுத்து உள்ள போடற மாதிரி. நீயோ அய்யனோவாம்! அய்யன் சரிங்க, அவரைக் கண்டா யாருக்கும் வாய் வராது. நான் என்ன பண்ணுனேன்? நான் எங்கம்மாவை ஒரு அடி அடிச்சிருப்பனா? ஒரு சுடுசொல்லு? அது என்ன கேட்டாலும், உனக்கெதுக்கும்மான்னு அன்பாத்தானே சொல்லிட்டுப் போனேன்?

இவ எங்கயோ பனிக்காட்டுல இருந்து வந்தவ. தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது, அம்மாவுக்கு அவ பாஷை தெரியாது. இவளுக்குச் சிரிச்சுக் காட்டியிருக்குது. தலையைப் பின்னால சாய்ச்சுச் சிரிக்கற அளவுக்கு. அய்யனைக் காவல் காக்க வெச்சோம், அவ காவல்காரியையே பார்த்துட்டு இருந்திருக்கா. பார்த்து, தொட்டு, பெட்டியில வெச்சு, அதையும் என் தோள்லயே தூக்க வெச்சு ரயிலேறிட்டா. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அவ உசுரோட இருந்தா இன்னைக்கே போயிச் சட்டையைப் புடிச்சிருப்பேன். என்ன சொல்லி அதைச் சிரிக்க வெச்சேன்னு கேட்டிருப்பேன்.

தண்ணி வேண்டாம். எனக்கு ஒண்ணுமில்லை. குடுங்க அந்தப் போட்டோவை, இன்னொரு தரம் பார்க்கறேன்.

எழுதிக்கோங்க. மயிலாத்தாள். மயில்ங்கறது உங்களுக்குத் தெரியும், அதோட ஆத்தாள். வெள்ளைக்காரங்க எழுத்துல தப்பு வந்துரும், நீங்க பக்கத்துல இருந்து சரியாப் போட வெக்கணும். இன்னார் சம்சாரம்னு போடணுமான்னா கேட்கறீங்க? மில் அதிபர்...

வேண்டாம். பேரு மட்டும் போடுங்க.

அச்செடுத்து அனுப்பறதையும் வேண்டாம்னு சொல்லிருங்க. இல்லீங்க, கோவத்துல சொல்லல. கோவம்தான், ஆனா அதுக்காகச் சொல்லல. இங்க அனுப்பாதீங்க அம்மிணி. அது அங்கயே சிரிச்சுட்டு இருக்கட்டும். இங்க நான் இருக்கேனுங்க.